டிஎஸ்ஓ138: நாலு வருஷமாகப் பழகிய குட்டி ஸ்கோப்

காலேஜ் லேபில் ஆறு பேருக்கு ஒரு சிஆர்ஓ, அதாவது மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் பழைய வகை ஆசிலோஸ்கோப். குமிழைத் திருப்புவது எப்போதும் முதல் பெஞ்ச்காரன்தான். நாங்கள் ரெக்கார்டு நோட்டில் சைன் வேவ் வரைவதோடு சரி. அந்தக் குறை மனதில் கிடந்ததால்தான், சென்னை ரிச்சி தெருவில் டிஎஸ்ஓ138 கிட்டை, அதாவது நாமே சால்டர் செய்து கட்டும் குட்டி டிஜிட்டல் ஸ்கோப்பைப் பார்த்ததும் யோசிக்காமல் வாங்கினேன். இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. நாலு வருஷம் ஆகிறது.

பெட்டியில் இருக்கும் கணக்கு இது: ஒரே சேனல், 200 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்வித் (அதைவிட வேகமான அலை மங்கிவிடும்), வினாடிக்கு அதிகபட்சம் 10 லட்சம் சாம்பிள் (அலையை எட்டிப் பார்த்து அளக்கும் தடவை), 2.4 அங்குலத் திரை, 9 வோல்ட் சப்ளை. புரோப் என்று தருவது இரண்டு முதலை கிளிப் மாட்டிய ஒயர்.

கிட்டாக வாங்கினால் சால்டரிங் வேலை இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். ரெசிஸ்டர்களின் நிற வளையத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்தே போட்டேன். பழுப்பும் சிவப்பும் ஒரே மாதிரி தெரிகிற தரம் அது. கடைசியில் இரண்டு குட்டி ட்ரிம்மர் கெப்பாசிட்டர்களைத் திருப்பி, போர்டிலேயே வரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையின் மூலையை நேராக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவரை வைத்தால் அலை சரியாகிறது, கையை எடுத்தால் மறுபடி சாய்கிறது. அரை மணி நேரம் இப்படியே போனபின், ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி அதால் திருப்பினேன். உடனே படிந்தது. இரும்பு பக்கத்தில் வந்தாலே கெப்பாசிட்டன்ஸ் மாறிவிடுகிறது. கெப்பாசிட்டன்ஸ் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

காசுக்குப் பழுதில்லை என்று நினைத்தது ஒரு பழைய ஆம்பிளிஃபயர் விஷயத்தில். சத்தத்தில் ஓயாத ரீங்காரம். மல்டிமீட்டர் வைத்தால் சப்ளை 12 வோல்ட், சுத்தம். ஸ்கோப்பை, நிலையான வோல்ட்டை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் காட்டும் ஏசி கப்ளிங்கில் போட்டால் ரம்பப் பல் மாதிரி 100 ஹெர்ட்ஸ் அலை ஏறி ஏறி இறங்குகிறது. பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குப் பின்னால் இருந்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருந்தது. மீட்டர் சராசரியைத்தான் சொல்லும், அதன் மேல் தப்பில்லை. ஆடியோ, சர்வோவின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு, பட்டனை அழுத்தும்போது காண்டாக்ட் குதிப்பது, 9600 வேகத்தில் பிட் பிட்டாகப் போகும் சீரியல் டேட்டா எல்லாம் இதில் அழகாகத் தெரியும். சீரியலில் ஆங்கில ‘யூ’ எழுத்தை விடாமல் அனுப்பிப் பாருங்கள்: ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று 104 மைக்ரோ செகண்டுக்கு ஒரு படி.

ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐ-ஸ்கொயர்-சி (டேட்டா, கிளாக் என்று இரண்டே லைனில் பேசும் முறை) சென்சார் ஒன்று சரியாகப் பேசவில்லை. கிளாக் லைனில் ஸ்கோப்பை வைத்தால் சதுரமாக இருக்க வேண்டியது மணல்மேடு மாதிரி வளைந்து வந்தது. லைனை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்தான் கோளாறு என்று 4.7 கிலோ ஓமை 2.2 ஆக்கினேன், படம் மாறவே இல்லை. ஒயரைக் குறைத்தேன், போர்டை மாற்றினேன். நண்பர் வீட்டு 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் பார்த்தால் அலை கத்தி மாதிரி நிற்கிறது! சதுர அலையைச் சதுரமாகக் காட்ட அதன் மூன்றாவது, ஐந்தாவது ஹார்மோனிக்காவது (அதற்குள் இருக்கும் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு வேக அலைகள்) வந்து சேர வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸ் கிளாக்குக்கு அது 300, 500 கிலோஹெர்ட்ஸ். 200-ல் வாசலை மூடும் கருவி அதை எப்படிக் காட்டும்? சென்சாரின் அட்ரஸைத் தப்பாகக் கொடுத்திருந்தது நான்தான். ஸ்கோப் இல்லாமலிருந்தால் ஒருவேளை சீக்கிரமே கண்டுபிடித்திருப்பேன்.

எரிச்சல்கள் இன்னும் உண்டு. சுமார் 120 மில்லி ஆம்பியர் இழுப்பதால் 9 வோல்ட் சதுர பேட்டரி கட்டுப்படியாகாது. மலிவான அடாப்டரில் ஓட்டினால் அதன் இரைச்சலும் கோட்டில் ஏறிக்கொள்கிறது. ஒரே சேனல் என்பதால் ஃபில்டருக்குள் போவதையும் வெளியே வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. இது எனக்குப் பேண்ட்வித் குறையை விடப் பெரிய தொந்தரவு.

கரண்ட் லைனில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இதன் தாங்குதிறன் 50 வோல்ட் உச்சம். நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் 325. பேட்டரியில் ஓடுகிறதே என்று துணிந்தாலும், கறுப்பு கிளிப் லைவ் ஒயரில் பட்ட நொடியில் மொத்த போர்டும் ஷாக் அடிக்கும்.

ஆக, வாங்கலாமா? ஆர்டுயினோ (புரோகிராம் போட்டு ஓட்டும் குட்டி போர்டு), ஆடியோ, சாதாரண பவர் சப்ளை என்று ஆரம்பிப்பவர் தாராளமாக வாங்கலாம். ஸ்விட்சிங் சப்ளை, வேகமான டிஜிட்டல் என்று இறங்குபவர் இந்தக் காசையும் சேர்த்து வைத்து 20 மெகாஹெர்ட்ஸ் பழைய சிஆர்ஓ தேடலாம். எடை அதிகம், மேஜையில் பாதியைப் பிடிக்கும், ஆனால் இரண்டு சேனல். வசதி இருந்தால் ரிகோல் டிஎஸ்1054இசட் வகையறா: நாலு சேனல், 50 மெகாஹெர்ட்ஸ். ஒன்று-பூஜ்யம் படிப்பதற்கு மட்டும் என்றால் யுஎஸ்பி-யில் மாட்டும் எட்டு சேனல் லாஜிக் அனலைசரே போதும், அதற்கு ஸ்கோப்பே வேண்டாம்.

என்னுடையது இப்போது பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகளிடம் இருக்கிறது. போன வாரம் போன்: “மாமா, ஆர்டுயினோ கெட்டுப்போச்சு. பிடபிள்யூஎம் 490 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, இங்க 10 ஹெர்ட்ஸ்தான் வருது.”

“ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் வச்சிருக்க?”

“50 மில்லி செகண்ட்.”

பிடபிள்யூஎம் என்பது விடாமல் ஆன்-ஆஃப் ஆகும் துடிப்பு. ஒரு கட்டத்துக்கான நேரத்தைக் கூட்டக் கூட்ட ஸ்கோப் வினாடிக்கு எடுக்கும் சாம்பிள் குறையும். வினாடிக்கு 500 தடவை மட்டும் எட்டிப் பார்த்தால் 490 ஹெர்ட்ஸ் அலை 10 ஹெர்ட்ஸாகத்தான் தெரியும்.

“ஒரு மில்லி செகண்டுக்கு மாத்திப் பாரு” என்றேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இது என்ன மாமா, இப்படிப் பொய் சொல்லுது!”