பிரிக்பீல்ட்ஸ் சட்ட மாலை வகுப்பு: நீதிமன்ற விதிகளுக்கு மேல் யார்?

வழக்கறிஞர் அலுவலக ஊழியர்களுக்காகக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் தமிழில் நடத்தப்படும் மாலை வகுப்பில், நீதிமன்றங்கள் இயற்றும் விதிகளை நாடாளுமன்றம் மேற்பார்வையிடுவது பற்றிய பாடத்தை அண்மையில் கேட்டேன். கட்டணம் 60 வெள்ளி. அச்சிட்ட குறிப்பேடும் தருகிறார்கள்.

பாடம் தொடங்கிய இடமே சிறப்பு. உரிமையியல் வழக்கில் ரிட் (வழக்குத் தொடரப்பட்டதை அறிவிக்கும் நீதிமன்ற ஆவணம்) கிடைத்த பிரதிவாதி 14 நாள்களுக்குள் முன்னிலையாவதாகப் பதிவு செய்யாவிட்டால், வாதி விசாரணையின்றியே தீர்ப்புப் பெற்றுவிட முடியும். ஒரு குடும்பத்தின் வீட்டையே பறித்துவிடக்கூடிய இந்தக் கெடுவை மக்களவை விவாதித்து வகுக்கவில்லை. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் இடம்பெறும் விதிக்குழு இயற்றிய 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில்தான் அது இருக்கிறது. அப்படியானால் அந்த விதிகளை யார் சரிபார்ப்பது என்று ஆசிரியர் கேட்டபோது, வகுப்பில் பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

விடைக்கு அவர் அமெரிக்காவை எடுத்துக்கொண்டார். அங்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை அளித்தது. இன்றைய நடைமுறைப்படி, புதிய விதிகள் மே 1க்குள் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பப்பட வேண்டும். காங்கிரஸ் சட்டம் இயற்றித் தடுக்காவிட்டால் டிசம்பர் 1 முதல் அவை நடைமுறைக்கு வரலாம். அதாவது, காங்கிரஸ் வாய் திறக்காமல் இருந்தாலே ஒப்புதல் கிடைத்ததாகிவிடுகிறது. ஆனால் 1973இல் சாட்சிய விதிகள் வந்தபோது காங்கிரஸ் அவற்றை நிறுத்திவைத்து, வழக்கறிஞர்–கட்சிக்காரர் இரகசியம் போன்ற சலுகைகளை (நம்பிக்கையில் பகிர்ந்ததை நீதிமன்றத்தில் வெளியிட மறுக்கும் உரிமைகளை)ப் பற்றிய விரிவான விதிகளை நீக்கிவிட்டு, 1975இல் தானே சட்டமாக இயற்றியது. இத்தகைய சலுகைகளைத் தொடும் விதி எதுவும் இன்றுவரை காங்கிரஸ் சட்டம் இயற்றினாலன்றிச் செல்லாது. காலக்கெடுவை நீதிமன்றம் வகுக்கலாம், ஆனால் மனிதர்களின் நம்பிக்கை உறவுகளை மக்கள் பிரதிநிதிகளே தீர்மானிக்க வேண்டும் என்ற அந்தக் கோடு மிகச் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

என் மனக்குறை ஒன்றுதான். நம் மலேசியாவுக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. தொலைத்தொடர்பு வழி விசாரணைக்காக 2020இல் நாடாளுமன்றம் முதலில் 1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தைத் திருத்தியது, அதன் பிறகே விதிகள் திருத்தப்பட்டன என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். உள்ளூர் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. குறிப்பேட்டில் எழுத்து தெளிவாக இருந்தாலும், விதிக்குழுவை அமைக்கும், அதே 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் வாசகம் அதில் இல்லை. சேர விரும்புவோர் தேசிய சட்டத்துறைத் தலைவர் அலுவலக இணையத்தளத்திலிருந்து அதை இலவசமாக எடுத்துச் சென்றால் பாடம் இன்னும் நன்றாகப் புரியும்.