ஆறு வருஷமாக ஒரே எஸ்எஸ்டி: என் சி டிரைவ் கதை

2019இல் வாங்கிய சாம்சங் 860 ஈவோ, 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிரைவ்). இன்றைக்கும் என் லேப்டாப்பில் சி டிரைவ் அதுதான்.

அதற்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். லேப்டாப்போடு வந்த 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) ஹார்ட் டிஸ்கில் பவர் பட்டனைத் தட்டிவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்தாலும் விண்டோஸ் சுற்றிக்கொண்டேயிருக்கும். சரி, எஸ்எஸ்டி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று கிடைத்ததிலேயே மலிவான 120 ஜிபி ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம். முதல் மாதம் சொர்க்கம். விண்டோஸ், அப்டேட், ஃபோட்டோஷாப் எல்லாம் சேர்ந்து முக்கால்வாசிக்கு மேல் நிறைந்ததும் பழைய ஹார்ட் டிஸ்கே தேவலை என்றாகிவிட்டது. எட்டாவது மாதம் ஒரு காலையில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) டிரைவையே காணோம். ஹார்ட் டிஸ்க் என்றால் சாகும் முன் பல சமயம் டிக் டிக்கென்று சத்தமாவது போடும். இது மூச்சுக் காட்டவில்லை. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகை டிசைனும் அதோடு போயிற்று. வாரண்டியில் புது டிரைவ் கொடுத்தார்கள். ஃபைலை யார் கொடுப்பார்?

அடுத்த முறை பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகத்தை நான் பார்க்கவில்லை. சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே பழைய இணைப்பு) எஸ்எஸ்டி என்றால் எல்லோரும் நொடிக்கு 550 எம்பி என்றுதான் போடுவார்கள். பூட் ஆகும்போது விண்டோஸ் படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை. ஹார்ட் டிஸ்கின் தலை ஒவ்வொன்றுக்கும் இடம் மாறி ஓடவேண்டும். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு எதுவும் இல்லை. நான் பார்த்தது டிராம் (எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொள்ளும் வேக நினைவகம்) இருக்கிறதா, சிப் டிஎல்சியா க்யூஎல்சியா (க்யூஎல்சி மலிவு, சீக்கிரம் தேயும்), எத்தனை டிபி (டெராபைட், ஆயிரம் ஜிபி) எழுதத் தாங்கும் என்று மட்டும். 860 ஈவோவில் டிராம் உண்டு, 5 வருட வாரண்டி, 300 டிபி.

பழைய ஹார்ட் டிஸ்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (caddy, டிவிடி டிரைவ் அளவில் இருக்கும் சட்டம்) போட்டு மாட்டினேன். கேடியில் 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமன் உண்டு. நான் முதலில் வாங்கியது எது என்று சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் ஒரு கூத்து. இரண்டு டிரைவும் மாட்டியிருக்கும்போதே விண்டோஸ் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால் லேப்டாப் பூட் ஆகவில்லை. எஸ்எஸ்டியும் போச்சு என்று நினைத்துத் தெரிந்த சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைத் தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, விண்டோஸ் இதுல இருக்கு, பூட் பார்ட்டிஷன் அந்தப் பழைய டிஸ்க்ல உக்காந்திருக்கு." இன்ஸ்டாலர் பழைய டிஸ்கில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனையே (பூட் ஆவதற்கான ஃபைல்கள் இருக்கும் பகுதி) பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் போடும்போது மற்ற டிரைவ்களைக் கழற்றிவைத்துவிடுங்கள்; ஐந்து நிமிட வேலை.

இப்போது கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (டிரைவின் ஆரோக்கியத்தைக் காட்டும் மென்பொருள்) காட்டுவது, இதுவரை எழுதியது 38 டிபி. நாளுக்குச் சராசரி 17 ஜிபி. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று ஆரம்பத்தில் பிரவுசர் கேஷைக்கூட ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி வைத்திருந்தேன். வீண் வேலை. இடத்தில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே விடுகிறேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை எஸ்எஸ்டி) இருக்கிறது. பெரிய வீடியோ காப்பி செய்தால் பறக்கிறது. பூட் ஆவதில் இரண்டு மூன்று நொடிதான் வித்தியாசம். லேப்டாப்பில் என்விஎம்இ ஏற்கும் எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி மாட்டும் இடம்) இருந்தால் அதையே வாங்குங்கள், என்னுடையதில் இல்லை. வேலை ஃபைல்கள் இப்போது தினமும் ராத்திரி கேடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்குக்கு பேக்கப் ஆகின்றன. அந்தக் கரகர சத்தம் கேட்டால்தான் லேப்டாப்பை மூடுகிறேன்.