ஆக்ட்ரியோடைடா, டெர்லிப்ரெசினா?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறேன். ஈரல் சுருங்கியவர் ரத்த வாந்தியோடு வந்தால், பாளையங்கோட்டையில் எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் போடும்வரை தாக்குப்பிடிக்க இந்த இரண்டு ஊசி மருந்துகளில் ஒன்று போட வேண்டும். இரண்டும் பெப்டைடுதான், அதாவது சின்னப் புரதத் துண்டு. இரண்டுமே வயிறு, குடல் பக்கம் போகும் ரத்தத்தைக் குறைத்து, உணவுக்குழாயில் புடைத்து ரத்தம் கசியும் சிரைகளின் அழுத்தத்தைத் தணிக்கும். ரத்தக்கசிவை நிறுத்துவதிலும் பெரிய வித்தியாசமில்லை. சுமார் 780 பேரிடம் நடந்த கொரிய ஆய்வு 2014லேயே அதைச் சொல்லிவிட்டது.

வசதி என்று பார்த்தால் டெர்லிப்ரெசின்தான். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை 2 மில்லிகிராம், அவ்வளவுதான். ஆக்ட்ரியோடைடுக்கு முதலில் 50 மைக்ரோகிராம், அப்புறம் மணிக்கு 50 வீதம் பம்பில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் 500 மைக்ரோகிராமை 50 மில்லி சலைனில் கலந்து மணிக்கு 5 மில்லி ஓட விடுவோம்.

இருந்தும் என் கை ஆக்ட்ரியோடைடுக்குத்தான் போகும். காரணம் இதயம். டெர்லிப்ரெசின் ரத்தக்குழாயை நேராகவே இறுக்கும், குடலோடு நிற்காது. விரல் நுனி நீலம் பாய்வதும் உண்டு, நெஞ்சுவலி வருவதும் உண்டு. இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் முப்பது வருஷம் பீடி குடித்தவர்கள், ஈசிஜி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். போன மாதம் ஒரு பெரியவருக்கு டெர்லிப்ரெசினைக் கரைத்துக் கையில் எடுத்துவிட்டேன். "சார், அப்பாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றார் மகன். அப்படியே கீழே வைத்தேன்.

ஆக்ட்ரியோடைடு 1973ல் கண்டறியப்பட்ட சொமட்டோஸ்டாட்டின் ஹார்மோனின் நகல். குளுக்ககான் மாதிரி குடல் நாளங்களை விரிக்கும் ஹார்மோன்களை அடக்கித்தான் வேலை செய்கிறது. சர்க்கரை ஏறலாம், இறங்கலாம்; அடிக்கடி பார்க்க வேண்டும். கணையநீர் சுரப்பையும் குறைப்பதால், கணைய ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு வந்தால் சர்ஜன்கள் இதைத் தேடுவார்கள். டெர்லிப்ரெசினை அதற்குத் தேட மாட்டார்கள்.

ஈரலோடு கிட்னியும் படுத்துவிட்டால் டெர்லிப்ரெசின் பக்கம்தான் நியாயம். ஆனால் அந்தக் கேஸ்களை நான் அதிகம் வைத்துப் பார்த்ததில்லை, அனுப்பிவிடுவோம்.

அன்று பாளையங்கோட்டைக்கு அனுப்பியபோது, பெரியவரோடு ஆக்ட்ரியோடைடு பம்பை மகன் மடியில் வைத்துக்கொண்டு போனார். வீரவநல்லூர் தாண்டுவதற்குள் பேட்டரி கத்துகிறது என்று நர்ஸ் போன் செய்தார். அசல் சொமட்டோஸ்டாட்டின் என்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஆக்ட்ரியோடைடுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால் கொஞ்சம் மூச்சு வந்தது. சார்ஜர் கொடுத்தனுப்ப மறந்தது நான்தான்.