இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால்: மிரரா, நகலா, பதிப்புகளா?

கணினியில் இருக்கும் வேலைக் கோப்புகளைக் காப்பாற்ற, கூடுதலாக இரண்டு 4 டெராபைட் டிஸ்க் வாங்கியாயிற்று. அவற்றை ரெய்டு 1 மிரராக இணைக்கலாம். இரவுதோறும் அப்படியே நகலெடுக்கலாம். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் பேக்கப் மென்பொருளுக்குக் கொடுக்கலாம். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் எது கெட்டால் எது காப்பாற்றும் என்று பார்த்தால் இவற்றுக்குள் ஒற்றுமையே கிடையாது.

மிரரில் பதிவது எதுவானாலும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் பதியும். 4-ம் 4-ம் சேர்ந்தாலும் கிடைப்பது 4 தான். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. அதன் பலம் அது மட்டுமே. கோப்பைத் தவறி அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே போய்விடும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் அதே கதிதான். பவர் சப்ளை பழுதாகி மின்னழுத்தம் எகிறினால், ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் சேர்ந்தே கருகலாம்.

மிரரில் பலர் கோட்டைவிடுவது எச்சரிக்கை விஷயத்தில். ஒரு டிஸ்க் போனபின்பும் எல்லாம் வழக்கம்போல ஓடுவதால், மின்னஞ்சல் எச்சரிக்கை அமைக்காதவருக்கு இரண்டாவதும் போகும்போதுதான் தெரியவரும். புது டிஸ்க் மாட்டியதும், மீதமிருக்கும் டிஸ்க்கை முழுக்கப் படித்துத்தான் மிரர் மறுபடி உருவாகும். நொடிக்கு 150 மெகாபைட் என்றால் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம். இடையே வேலையும் செய்தால் இன்னும் இழுக்கும். ஒரே தொகுப்பில் தயாராகி, ஒரே அளவு ஓடித் தேய்ந்த ஜோடி என்றால் அந்த நேரத்தில் இன்னொன்றும் படுத்துவிடலாம். அதனால் இரண்டையும் வெவ்வேறு தயாரிப்புத் தொகுப்பிலிருந்து எடுப்பது நல்லது. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க் வேண்டாம். தொடர்ந்து எழுதும்போது அதன் வேகம் படுத்துவிடும்.

மிரர்தான் வேண்டும் என்றால் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அமைப்பதே மேல். சாதாரண மிரரில் இரண்டு நகலும் முரண்பட்டால் எது சரி என்று அதற்கே தெரியாது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் கெட்டதை அடையாளம் கண்டு, நல்லதிலிருந்து சரிசெய்துகொள்ளும். எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை மாதம் ஒருமுறை ஓட்டினால் போதும். மிரரை வன்பொருளாகவே நடத்தும் விலையுயர்ந்த ரெய்டு கார்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்: கார்டு கெட்டால் பெரும்பாலும் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும்.

இரவு நகலுக்கு விண்டோஸில் ரோபோகாப்பி, லினக்ஸில் ஆர்சிங்க். காலையில் அழித்ததை மாலையில் கவனித்தால் மீட்டுவிடலாம். மறுநாள் கவனித்தால் முடிந்தது கதை. இங்கே கத்தி இருப்பது ரோபோகாப்பியின் 'மிர்' தெரிவிலும் ஆர்சிங்க்கின் 'டெலீட்' தெரிவிலும். மூலத்தில் இல்லாததை இவை நகலிலும் அழிக்கும். மூல டிஸ்க் மவுன்ட் ஆகாமல், அதாவது கணினியோடு இணையாமல், வெறும் கோப்புறையாக நின்றால், அந்த வெறுமையைத்தான் நகலெடுக்கும். எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் 'ட்ரை ரன்' ஒன்றை முதலில் ஓட்டிப் பட்டியலைப் பாருங்கள்.

பதிப்புப் பேக்கப்பில் இந்தக் கவலை குறைவு. ரெஸ்டிக், போர்க், டைம் மெஷின் போன்றவை முதல் முறை மட்டுமே முழுதாக எடுக்கும். பிறகு மாறியதை மட்டும் சேர்க்கும். ஆகவே மூன்று வாரத்துக்கு முந்தைய கோப்பையும் கேட்டு வாங்கலாம். டிஸ்க் நிரம்புவதுதான் இதன் தொல்லை. தினப்பதிப்பு 7, வாரப்பதிப்பு 4, மாதப்பதிப்பு 12 என வரம்பு வைத்தால் பெரும்பாலோருக்குப் போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் தற்காலிகக் கோப்புறைகளை விலக்கிவிட வேண்டும்.

ஒருநாள் வேலை நின்றால் தாங்கும் என்பவர் மிரரைத் தொடவே வேண்டாம். இரண்டு டிஸ்க்கையும் பதிப்புப் பேக்கப்புக்குக் கொடுத்து, ஒரு வாரம் ஒன்றை, மறுவாரம் மற்றதைச் செருகுங்கள். ஓய்வில் இருப்பது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். கேபிள் கழற்றிய டிஸ்க்கை ரான்சம்வேர் எட்டாது. அலுவலக சர்வர் போல நிற்கவே கூடாது என்றால் மிரரும் வேண்டும், அதற்கு வெளியே மூன்றாவது டிஸ்க்கில் பேக்கப்பும் வேண்டும்.

மாதம் ஒருமுறை ஏதோ ஒரு கோப்புறையை வேறு இடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்தே வைக்கும். கடவுச்சொல் தொலைந்தால் திறக்க வேறு வழியே கிடையாது. அதை அந்தக் கணினியில் மட்டும் சேமிக்காமல், தாளில் எழுதியும் வையுங்கள்.