வண்டியில் வீடு கட்டக் கொடுப்பவர்களே, அடியில் குனிந்து பாருங்கள்

பதினாலு மாதம், பதினொன்றரை லட்சம். இன்றைக்கு வண்டி சோழவந்தான் பக்கம் மச்சான் தோப்பில் தென்னைமரத்தடியில் நிற்கிறது. அதன் மேல் வீடாகக் கட்டிய பெட்டியைக் கிரேன் வைத்து இறக்கி, நான்கு தார் டிரம் மேல் வைத்திருக்கிறோம். மச்சானின் கோழிகள் அதற்குள் முட்டையிடுகின்றன. பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. மதுரைக்காரர்களே, அது யார் என்று கேட்டு போன் போட வேண்டாம்.

ஆசை சாதாரணமானதுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் பை ஃபோர் 407 கிடைத்தது, நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன டாடா லாரி. அதன் முதுகில் இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, நூற்றைம்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மே மாதம் என் மனைவிக்குப் பள்ளி லீவு. குடும்பத்தோடு இமயமலையில் இருக்கிற ஸ்பிட்டி வரை போய்வர வேண்டும். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களிடம் கேட்டேன், ஒற்றை வண்டி என்றதும் ஆர்வம் காட்டவில்லை. ரிங் ரோட்டில் ஒரு பட்டறைக்காரர் மட்டும், "கட்டிருவோம்ணே, நாலு மாசம்" என்றார். அந்த "ண்ணே"வில் விழுந்தேன்.

இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் பணம் கொடுத்தால் யாரும் ஏமாறலாம். லாரி சேஸிஸ் என்பது இரண்டு நீளக் கம்பிகளுக்குக் குறுக்கே படி வைத்த ஏணி. கரடுமுரடான பாதையில் அது முறுக்கிக்கொள்ளும், முறுக்கத்தான் வேண்டும். மேடு பள்ளத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டால் நான்கு காலும் தரையில் உட்காரும், பீரோவை வைத்தால் ஒரு கால் தொங்கும். நம் ஊர்ப் பழைய மரப் பாடி லாரிகள் கயிற்றுக் கட்டில் மாதிரி. போல்ட்டும் பலகையுமாக இருப்பதால் பாடியும் சேர்ந்து நெளியும். ஆனால் ஆள் தங்கும் பெட்டி நாலு பக்கமும் மூடிய பீரோ. அதைச் சேஸிஸோடு இறுக்கிப் பூட்டினால் ஒன்று பெட்டி கிழியும், இல்லை சேஸிஸ் விரிசல் விடும். அதனால்தான் ஐரோப்பாவில் உனிமாக், மான் லாரிகள் மேல் இப்படிப் பெட்டி வைப்பவர்கள் நடுவில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் கொடுத்து, அதை மூன்று புள்ளியில் தொங்கவிடுவார்கள். அல்லது ஒரு முனையை இறுக்கி, மறுமுனையைக் கனமான ஸ்பிரிங் மேல் உட்கார வைப்பார்கள். சேஸிஸ் கீழே முறுக்கிக்கொள்ளும், பெட்டி அசையாமல் மேலே நிற்கும்.

இதைப் படமாக வரைந்தே கொடுத்தேன். பின்பக்கம் இறுக்கம், முன்பக்கம் நான்கு ஸ்பிரிங். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "சூப்பர்ணே, இதே மாதிரி" என்றார். மூன்றாம் மாதம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சிவப்புப் பெயின்ட் அடித்த நான்கு ஸ்பிரிங், பளபளவென்று. அன்றைக்கே இரண்டு லட்சம் அனுப்பினேன், அவருடைய சொந்தக் கணக்குக்கு. பில் கேட்டதற்கு, "கடைசில மொத்தமா போட்டுக்கலாம்ணே, இப்பப் போட்டா ஜி.எஸ்.டி. உங்களுக்குத்தானே நட்டம்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த வெட்கத்தையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அப்புறம் நான் போய்ப் பார்த்ததெல்லாம் மேலேதான். தேக்கு நிறத்தில் பலகை, வரிசையாக எல்.இ.டி. விளக்கு, மடிக்கிற மேசை. கீழே குனியவில்லை.

நாலு மாதம் பதினாலு மாதமான கதையை விடுங்கள். வெல்டர் ஊருக்குப் போனான், மழை, திருவிழா, ஷீட் வரவில்லை, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாட்டுதான். வண்டி கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குக் கிளம்பினோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவும் ஒழுங்காக ஏறியது. மேலே தெரிந்தவர் காபித் தோட்டத்துக்குள் போகிற மண்பாதையில் முன்சக்கரம் ஒரு பாறை மேல் ஏறியதும் பின்னால் "டப்" என்று சத்தம். இறங்கிக் கதவைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. நிலை கோணிப்போய்க் கதவை இறுக்கிவிட்டது. வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்ததும் தானாகத் திறந்தது. கதவு ஏன் இறுகியது என்று அங்கேயே புரிந்துவிட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் திருமங்கலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் டார்ச்சோடு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சார், நீங்களே வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். ஸ்பிரிங் நான்கும் இருந்தன. ஸ்பிரிங்குக்கும் வாஷருக்கும் நடுவில் பெயின்ட் ஒரு கோடுகூடக் கீறாமல் இருந்தது. அவ்வளவு தூரம் ஓடி, மலையேறி இறங்கியும் அவை ஒரு முறைகூட அசையவில்லை. ஏன் என்றால் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், இரண்டங்குலப் பட்டை இரும்பை வைத்துப் பெட்டிச் சட்டத்தையும் சேஸிஸையும் சேர்த்து வெல்டிங் அடித்திருந்தார்கள். அதுவும் சேஸிஸின் மேல் விளிம்பில். எந்தக் கம்பெனியும் தன் லாரியில் துளையோ வெல்டிங்கோ வைக்காதே என்று சொல்கிற இடம் அது. வெல்டிங் முடியும் இடத்திலிருந்து தலைமுடி மாதிரி ஒரு விரிசல் கீழே இறங்கியிருந்தது. மெக்கானிக் ஹேக்ஸா பிளேடின் நுனியை அதில் செருகிக் காட்டினார். போயிற்று.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரியாதவன் ஸ்பிரிங்கையே வைத்திருக்க மாட்டான். படத்துக்காக ஸ்பிரிங், வேலை சுலபமாக முடிய வெல்டிங்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கிளற ஆரம்பித்தோம். எடை மேடையில் ஏற்றினால், தொட்டி நிரப்பாமலேயே, ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடைக்கு மேல் 640 கிலோ. 900 கிலோவுக்குள் பெட்டி என்று பேச்சு, இறக்கி எடை போட்டபோது 1,610. ஃபைபர் தோலுக்கு நடுவில் கெட்டி ஃபோம் வைத்த பேனல் என்று சொல்லிவிட்டு, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பிளைவுட் அடித்து, மேலே ஷீட் ஒட்டியிருந்தார்கள். சுவரில் ஒரு துளை போட்டதும் தெர்மாகோல் மணிகள் கொட்டின, கொலு பொம்மைப் பெட்டியைப் பிரித்த மாதிரி. லித்தியம் பேட்டரி 100 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) என்று ஸ்டிக்கர். 12.8 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 1,280 வாட் ஹவர் தரவேண்டும். எங்கள் சின்ன ஃபிரிட்ஜ் சராசரியாக 45 வாட் இழுக்கும், ஒரு நாளுக்கு மேல் தாங்கியிருக்க வேண்டும். ஒன்பது மணி நேரத்தில் செத்தது.

காகிதம் தனிக் கதை. "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எல்லாம் நம்ம ஆளுங்கதாண்ணே" என்பதை நம்பி, ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று இருப்பதை அப்படியே விட்டிருந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, கம்பெனி சொன்ன விவரத்திலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. ஆள் தங்கும் மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரமே இருக்கிறது. 182-ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. மாட்டுவது உரிமையாளர்தான், பட்டறை இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் முதலில் கேட்டது, வண்டியை மாற்ற வாங்கிய முன் அனுமதிக் கடிதம். என் கையில் இருந்தது வாட்ஸ்அப் படம்.

பட்டறைக்காரரிடம் போனேன். "ஸ்பிரிங் மட்டும் வச்சா ஆடும்ணே, சேஃப்டிக்குத்தான் வெல்டிங்" என்றார். பணத்தைப் பற்றிப் பேசியதும் "அண்ணே" போய் "சார்" வந்தது. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 400 ரூபாய்தான், இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். பில் இல்லாததால் வங்கிக் கணக்கு வரவு செலவும் அவருடைய வாட்ஸ்அப் செய்திகளும்தான் என் சாட்சி. அந்தச் சிவப்பு ஸ்பிரிங் படமும் அதில் உண்டு.

யாராவது இப்போது கட்டக் கொடுத்திருந்தால், பெட்டியை ஏற்றுவதற்கு முன் வெறும் சட்டத்தோடு வண்டியை ஓட்டிப் பாருங்கள். ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் முக்கால் அடிக் கட்டை மேல் ஏற்றச் சொல்லி, அடியில் படுத்து ஸ்பிரிங் அமுங்குகிறதா என்று பாருங்கள். பட்டறைக்காரர் "எதுக்குண்ணே, நம்பிக்கை இல்லையா" என்று கேட்டால், மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். சுவர்ப் பலகை அடிப்பதற்கு முன் ஒரு தடவை, அடித்த பின் ஒரு தடவை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள், சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சேஸிஸைத் திருமங்கலத்துக்காரர் விளிம்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, பட்டை மாற்றினால் பிழைக்கும் என்கிறார். பெட்டியை எடைக்குப் போடுவதா, கோழிகளுக்கே விடுவதா என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.