அட்டவணையா, செயலியா, பூச்சியங்களா?

சத்தியமங்கலத்தில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு வரைபடம் வரைய ஒரு முப்படிச் சார்பு கொடுத்தேன்: (3எக்ஸ் − 1)(3எக்ஸ் − 2)(எக்ஸ் + 2). எல்லோரும் உடனே மதிப்பட்டவணை போட்டார்கள். பத்தாம் வகுப்பில் இருபடி வரைபடத்தை அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்!

எக்ஸ் −3-க்கு −110, −2-க்கு 0, −1-க்கு 20, 0-க்கு 4, 1-க்கு 6, 2-க்கு 80. முன்வரிசை மாணவி அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளைப் பிசிறில்லாமல் இணைத்திருந்தாள். 0-க்கும் 1-க்கும் நடுவே அவள் கோடு 4-லிருந்து 6-க்கு மெல்ல ஏறியது. உண்மையில் வளைவு அங்கேதான் எக்ஸ் அச்சை இரண்டு முறை வெட்டுகிறது. முழு எண்களை மட்டும் போட்ட அட்டவணையில் இது சிக்காது.

ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் போன்ற செயலிகள் நொடியில் வரைந்துவிடும். ஆனால் −110-உம் 80-உம் தெரியும்படி திரையைச் சுருக்கினால், அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவே அச்சுக்குக் கீழே இறங்கும் பள்ளத்தின் ஆழம் 0.6 அலகுதான் என்பதால், வளைவு அச்சைத் தொட்டுத் திரும்புவதுபோல் தோன்றும். தொட்டுத் திரும்பினால் அது இரட்டை மூலம், அதாவது சார்பை 0 ஆக்கும் ஒரே எண் இரண்டு முறை வருவது. இங்கே இருப்பவை இரண்டு தனி மூலங்கள். பள்ளம் தெரியப் பெரிதாக்கினாலோ, 20-ஐத் தாண்டிய முகடு திரைக்கு மேலே போய்விடும்.

என் ஓட்டு பூச்சியங்களுக்குத்தான், அதாவது சார்பை 0 ஆக்கும் எக்ஸ் மதிப்புகளுக்கு. காரணிகளைப் பார்த்தவுடன் −2, 1/3, 2/3 கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முறையே வருவதால் மூன்று இடத்திலும் வளைவு அச்சைக் கடக்கும். படி (எக்ஸின் மிகப்பெரிய அடுக்கு) 3, ஒற்றை எண்; எக்ஸ் கனத்தின் கெழு 9, மிகை. ஆகவே இடக்கோடி கீழே, வலக்கோடி மேலே. படி 3 என்றால் திருப்பங்கள் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது. (திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் போல 27 திருப்பம் வேண்டுமென்றால் படி 28-ஆவது வேண்டும் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.) காரணிப்படுத்த வராத கோவையில் இந்த வழி திணறும், முகட்டின் உயரத்தையும் சொல்லாது. அதற்கு அட்டவணை வேண்டும், ஆனால் எந்த எண்ணைப் போடுவது என்று தெரிந்த பிறகு.

"4-லிருந்து 6-க்கு ஏறத்தானேங்க சார் வேண்டும்?" என்றாள் அந்த மாணவி. 1/2 போட்டுப் பார்க்கச் சொன்னேன். −5/8 வந்தது. இரண்டாம் முறையும் கணக்கிட்டுவிட்டு அழிப்பானை எடுத்தாள்.