செகண்ட் ஹேண்ட் ஏர் பிஸ்டல் வாங்கப் போகிற குமரி மாவட்டப் பெற்றோர் கவனத்துக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் வாங்கிய பிறகு நம்ம பக்கத்துப் பிள்ளைகளும் பிஸ்டல் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். என் மகளும் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு. நல்ல விளையாட்டுதான், சேர்த்துவிட்டேன். பயிற்சி நடத்தியவரே பிஸ்டலும் ஏற்பாடு செய்து தருகிறேன் என்றார். அங்கேதான் வினை. பிஸ்டலுக்கு 1,10,000, அதில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டுக்கு 12,000, 'லைசென்ஸ் செலவு' என்று 12,000. இந்த 1,34,000 ரூபாய்க்கு எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதுகிறேன். ஆள் பெயரும் இடத்தின் பெயரும் போடவில்லை, வழக்கு நடக்கிறது.

10 மீட்டர் தூரத்தில் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டல் போட்டிக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துவது சில கம்பெனி பிஸ்டல்கள்தான். ஸ்டெயர், மொரினி, பார்தினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர். எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு, புதிதாக வாங்கினால் விலை லட்சங்களில் போகும். அதனால் பழையது வாங்குவது சகஜம், தவறும் இல்லை. எங்களுக்கு வந்ததும் இந்த ஐந்தில் ஒன்றுதான். கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. "சாரே, வடக்க ஒரு பையன் ரெண்டே வருசம் சுட்ட சாதனம். கண்ண மூடிட்டு எடுத்துக்கிடலாம்" என்றார் பயிற்சியாளர். பெட்டியும் பளபளவென்று இருந்தது. காற்று அடைத்து வைக்கும் சிலிண்டரில் தேசியக் கொடி ஸ்டிக்கர் வேறு. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பெல்லட். பத்து டின், எல்லாம் ஒரே ஜெர்மன் கம்பெனி, எல்லாம் ஒரே லாட் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரே லாட், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கு என்பது இந்த விளையாட்டில் பெரிய விஷயம். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் லாட்டுக்கு லாட் நுணுக்கமான வித்தியாசம் இருக்கும். தலை விட்டமே 4.48, 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று தனித்தனியாகப் போட்டு விற்கிறார்கள். பெரிய ஆட்கள் தங்கள் பிஸ்டலை இறுக்கிக் கட்டி, பல லாட்டைச் சுட்டுப் பார்த்து, அந்தக் குழலுக்குப் பொருந்துகிற லாட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பெல்லட்டுக்கு மாறியதும் மகளின் ஸ்கோர் இறங்கியது. 60 குண்டுக்கு 540ஐத் தொட்டுக்கொண்டிருந்த பிள்ளை 520க்கு வந்துவிட்டாள். பயிற்சியாளர் சொன்ன காரணம், "மக்களே, உனக்கு டென்சன். மனசு ஒரு நிலையில இல்ல." மனசை ஒரு நிலைக்குக் கொண்டுவரத் தனி வகுப்பு, அதற்குத் தனிக் கட்டணம். பிள்ளை ராத்திரி தூங்காமல் கிடந்தாள். பணம் போனதைவிட எனக்கு எரிச்சல் இதில்தான்.

எனக்கு மார்த்தாண்டம் பக்கம் லேத் பட்டறை. வைஸுக்கும் அளவுகோலுக்கும் குறைவில்லை. பட்டறைக்குப் பின்னால் பத்து மீட்டர் அளந்து, மண் நிரப்பிய பெட்டியை நிறுத்தி, அதன் முன்னால் டார்கெட் அட்டையை மாட்டினேன். பிஸ்டலின் குழலைப் பிடிக்காமல் அதன் உடல் பகுதியைப் பிடித்து, மரக்கட்டை வைத்து வைஸில் இறுக்கினேன். மகளின் சிநேகிதி ஒருத்தியிடம் பத்துப் பெல்லட் கடன் வாங்கி ஐந்து ஐந்தாகச் சுட்டோம். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போயின. பிறகு நம்ம டின்னில் இருந்து ஐந்து. ஒரு ரூபாய்க் காசை வைத்து மூடினால் ஓரத்தில் ஓட்டை தெரிகிறது. டார்கெட்டில் பத்துக்கான வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அடுத்த வட்டத்துக்கு 8 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் போதும். கை அசையாமல், மனசு அலையாமல், இரும்பு பிடித்துச் சுட்டே இந்த லட்சணம். டென்சன் எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது.

சரி, எடையையும் பார்த்துவிடுவோம் என்று தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டு போனேன். மில்லிகிராம் காட்டும் தராசு அங்கேதானே இருக்கும். டின்னில் போட்டிருப்பது 0.45 கிராம், பிஸ்டலுக்கு வழக்கமான எடை. ஒவ்வொன்றாக வைத்தோம். 0.47, 0.51, 0.49, 0.53 என்று வந்தது. எதுவும் 0.45 இல்லை, ஒன்றுக்கொன்றும் சேரவில்லை. கடைக்காரர், "அண்ணாச்சி, இதுல நாலு ஊர் ஈயம் கெடக்கு" என்றார். கண்ணாடி போட்டுப் பார்த்தால் சிலவற்றுக்குப் பின்புற விளிம்பு நசுங்கி, சிலவற்றில் வெள்ளைப் பூச்சு. ஈயம் ஈரக்காற்றில் நாள்பட்டுக் கிடந்தால் அப்படித்தான் ஆகும். நம்ம கடலோரக் காற்றில் சீக்கிரமே ஆகும். டின்களை வரிசையாக வைத்து லாட் எண்ணைப் பார்த்தேன், பத்தும் ஒன்றல்ல. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்தது சாதாரண செலோடேப். காலி டின்னில் மலிவு பெல்லட்டைக் கொட்டி விற்றிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் 'லைசென்ஸ்' கதையும் வெளியே வந்தது. திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய துப்பாக்கி சுடும் ரேஞ்ச் இருக்கிறது. நல்ல ரேஞ்சைப் பிள்ளைக்குக் காட்டலாம் என்று கூட்டிப் போனேன். களியக்காவிளையில் வண்டியை நிறுத்திச் சோதனை. பெட்டியைத் திறந்ததும் போலீஸ்காரர் முகம் மாறியது. நான் பெருமையாகப் பயிற்சியாளர் கொடுத்த லேமினேட் அட்டையை நீட்டினேன். சீல், கையெழுத்து, போட்டோ எல்லாம் உண்டு. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு அடிச்ச கார்டு அண்ணாச்சி? இந்த ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸே வேண்டாமே. பில் எங்க?" என்றார்.

அவர் சொன்னது சரி. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பாயிண்ட் 177 அங்குலக் குழல் அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேல் போகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் அளவு அதே பாயிண்ட் 177, அதாவது 4.5 மில்லிமீட்டர். 0.45 கிராம் பெல்லட் விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் சக்தி 5 ஜூல் சொச்சம்தான் வருகிறது. ஆக, இல்லாத லைசென்ஸுக்கு 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்திருக்கிறார். தேவைப்பட்ட பில்லைத் தரவே இல்லை. துண்டுச் சீட்டில் 'விளையாட்டுப் பொருள்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிஸ்டலின் வரிசை எண்கூட அதில் இல்லை. போலீஸ்காரர் எங்கெங்கோ போன் போட்டுக் கேட்டு, மகளின் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்து, கடைசியில் விட்டார். பிள்ளை பயந்துவிட்டாள். வட்டியூர்க்காவு போகாமல் திரும்பி வந்தோம்.

அடுத்து சென்னையில் ஒரு போட்டி. சுடுவதற்கு முன்னால் எக்விப்மென்ட் கண்ட்ரோல் என்று ஒரு மேசை உண்டு, அங்கே ஒவ்வொரு பிஸ்டலையும் சோதிப்பார்கள். எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். இரண்டிலும் தேறியது. டிரிக்கரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கினார்கள், டப்பென்று விழுந்துவிட்டது. 500 கிராமைத் தாங்காவிட்டால் அனுமதி இல்லை. டிரிக்கர் லேசாக இருந்தால் வாங்க வருகிறவருக்குச் சுகமாகத் தெரியும், அதற்காகத் தளர்த்தி வைத்திருக்கிறார். அது ஒரு திருகுதான், அங்கேயே சரி செய்தோம். கிரிப் ஏதோ பெரிய ஆளின் கைக்குச் செய்தது. எம்சீல் அப்பி மகளின் கைக்கு ஒப்பேற்றியிருந்தார்கள், அதையும் அரத்தால் ராவிச் சமாளித்தோம்.

மூன்றாவதுதான் சிலிண்டர். மேசையில் இருந்த அம்மா ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். கீழே தயாரித்த தேதி பொறித்திருந்தது, 2013. இந்தச் சிலிண்டர்களுக்கு ஆயுள் தயாரித்த நாளிலிருந்து பத்து வருடம். ரெண்டு வருசம் ஓடிய சாதனம் என்று எங்களுக்கு விற்றபோதே அது காலாவதி ஆகியிருந்தது. கையடக்கமான அந்த அலுமினியக் குழாய்க்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கிறது, கார் டயரில் இருப்பதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு. இரும்போடு பிழைக்கிறவன் என்பதால் சொல்கிறேன், அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வாங்கிய அலுமினியம் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே எப்போது விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத்தான் என் பிள்ளை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மதுரையில் இருந்து மகனைக் கூட்டி வந்திருந்த ஒரு அம்மா, "அண்ணே, எங்கப் புள்ளகிட்டயும் இதே கம்பெனிதான். ஸ்பேர் சிலிண்டர் ஒண்ணு இருக்கு, வச்சுக்கங்க" என்று எடுத்துக் கொடுத்தார். ஒரு கம்பெனி சிலிண்டர் இன்னொன்றுக்குச் சேராது, ஆகவே அது அதிர்ஷ்டம்தான். மகள் சுட்டாள். ஸ்கோரை விடுங்கள், சுட்டாளே. மனு பாக்கருக்கே டோக்கியோவில் நடுப்போட்டியில் பிஸ்டல் பழுதாகி, சரி செய்வதில் நேரம் போய், இறுதிச் சுற்றுக்கு வர முடியாமல் போனது. அது எதிர்பாராத பழுது. எங்களுடையது ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தது.

ஊர் திரும்பியதும் பயிற்சியாளரிடம் நேரே போய்க் கேட்டேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "சாரே, ஏர் பிஸ்டல விடுங்க. பிள்ளைய 25 மீட்டருக்கு மாத்துவோம். பாயிண்ட் 22 பிஸ்டல் நான் பாத்துக்கிடுதேன். பேக்டரி தோட்டா விலை கூடுதல். நம்ம ஆளு ஒருத்தன் கையால நிறைச்சுத் தருவான், மேட்ச் கிரேடு, பாதி விலை" என்றார்.

இதை எழுதுவதற்கே முக்கியமாக இந்தப் பதிவு. பாயிண்ட் 22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து ஓட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. ஒரு தடவை வெடித்த ஓட்டின் விளிம்பு நசுங்கிப் போயிருக்கும், தனியாக மாற்றிப் போட அதில் எதுவும் கிடையாது. அதனால் கையால் மறுபடி நிறைத்த மேட்ச் கிரேடு பாயிண்ட் 22 என்று ஒன்று சந்தையில் கிடையாது. சென்டர் ஃபயர் போட்டிக்குரிய பாயிண்ட் 32 போன்றவற்றில் அடியில் நடுவில் இருக்கும், பற்றவைக்கும் மருந்துள்ள மூடியை (கேப்) மாற்றலாம். வெளிநாடுகளில் போட்டிக்காரர்கள் சீரான, மிதமான மருந்தளவுக்காக அவற்றைத் தாங்களே நிறைப்பது வழக்கம். அங்கேயும் ஒருவர் நிறைத்ததை இன்னொருவர் நம்பிச் சுடுவதில்லை. மருந்து கூடினால் பிஸ்டல் கையிலேயே வெடிக்கும். குறைந்தால் குண்டு குழலுக்குள் சிக்கும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

நம்ம நாட்டில் அதற்கும் முன்னால் சட்டம் நிற்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்தப் பிஸ்டலையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம், செய்து விற்பது அதைவிடப் பெரிய குற்றம். ஏர் பிஸ்டலில் ஏமாந்தால் பணம் போகும். இவர் சொன்னதைக் கேட்டிருந்தால் பட்டறையையும் பூட்டிவிட்டு நான் உள்ளே போயிருப்பேன். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தாகிவிட்டது.

பணத்துக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டதும் 'லைசென்ஸ்' காசு 12,000 மட்டும் சத்தமில்லாமல் கணக்குக்குத் திரும்பி வந்தது. மீதிக்கு நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே வழி சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய 'ரெண்டு வருசம் ஓடின சாதனம்' என்ற குரல் பதிவும், உரித்த ஸ்டிக்கரும், தேதி தெரியும் போட்டோவும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஜிபேயில் பணம் அனுப்பியது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் பணமே வாங்கவில்லை என்றிருப்பார்.

பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் சிலிண்டரைக் கழற்றித் தேதியைப் பாருங்கள். வரிசை எண் போட்ட ஜிஎஸ்டி பில்லோ, தனி ஆளிடம் வாங்கினால் அவர் முதலில் வாங்கிய பில்லின் நகலும் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதமுமோ கேளுங்கள். 500 கிராம் எடையைக் கையோடு கொண்டு போய் மாட்டிப் பாருங்கள். சுட்டுப் பார்க்க விடமாட்டேன் என்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். பெல்லட்டை டின்னோடு சீல் பார்த்து, லாட் எண் பார்த்து வாங்குங்கள்.

எங்களைப் போலவே கொடி ஸ்டிக்கர் ஒட்டிய சிலிண்டரோடு பிஸ்டல் வாங்கிய இரண்டு குடும்பங்கள் தக்கலை, குலசேகரம் பக்கம் இருப்பதாகத் தெரிய வந்திருக்கிறது. படிக்கிறவர்கள் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், தேதியைப் பார்க்கும் வரைக்கும் அதில் காற்று நிரப்ப வேண்டாம்.